எதைப் புறக்கணிக்கலாம், எதுவரை?

(நெமிலிச்சேரியில் நடைபெற்ற அறிவியல், கணித ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கேட்டவுடன் கொஞ்சம் மிரட்டும். நானோ அளவுள்ள மெல்லிய சட்டங்கள் வளையும்போது அவற்றில் மின்சாரம் எப்படித் தோன்றுகிறது, அதை ஆய்வாளர்கள் கணக்கில் எப்படி எழுதுகிறார்கள் என்பதே அது. ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பாடம் நடத்தும் நமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நம் பாடநூல்களில் அடிக்கடி வரும் ஒரு சொல்தான் இதற்குக் காரணம். ‘புறக்கணிக்கத்தக்கது’ என்பது அந்தச் சொல்.

ஊசலில் நூலின் நிறை புறக்கணிக்கத்தக்கது. விழும் பொருளின் மீது காற்றின் தடை புறக்கணிக்கத்தக்கது. தளத்தில் உராய்வு இல்லை எனக் கொள்க. இப்படி எழுதிவிட்டுக் கணக்குக்குள் போய்விடுகிறோம். வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, “உராய்வே இல்லாத தளம் எங்க சார் இருக்கு?” என்று கேட்டால், அவள் குறும்புக்காகக் கேட்கிறாள் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது அறிவியலின் நடுவிலிருந்து வரும் கேள்வி. அதற்கு நாம் என்ன விடை சொல்லப்போகிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த பொருளிலிருந்து தொடங்குவோம். அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேட்டரி இல்லை. பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறிய சுத்தி ஒரு பீங்கான் துண்டின் மீது ‘டக்’ என்று அடிக்கிறது. அந்த அடியால் பீங்கானின் இரு முனைகளுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஒரு நொடிப்பொழுது தோன்றி, தீப்பொறியாகப் பாய்கிறது. இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். ஆங்கிலப் பெயரை ஒட்டிப் பியசோ மின்விளைவு என்றும் சொல்கிறோம்.

இதைக் கண்டறிந்தவர்கள் பிரான்சைச் சேர்ந்த ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. ஆண்டு 1880. அப்போது தம்பி பியருக்கு வயது 21. குவார்ட்ஸ், டூர்மலின், சர்க்கரை போன்றவற்றின் படிகங்களை அவர்கள் அழுத்திப் பார்த்தார்கள். அந்த டூர்மலின் நமக்கு அயல்வீட்டுக் கல். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். அதன் பெயரே ஒரு சிங்களச் சொல்லிலிருந்து வந்தது. சூடாக்கினால் அந்தக் கல் சாம்பலைத் தன் பக்கம் இழுத்தது. அதனால் ‘சாம்பல் இழுப்பான்’ என்றே டச்சுக்காரர்கள் அதை அழைத்தார்கள். சூட்டால் மின்னூட்டம் வருமென்றால் அழுத்தத்தால் வராதா என்ற வழியில்தான் கியூரி சகோதரர்களின் தேடல் போயிற்று.

கணித ஆசிரியர்கள் அடுத்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். 1881-ல் காப்ரியேல் லிப்மன் என்ற இயற்பியலாளர், அழுத்தினால் மின்சாரம் வருமென்றால் மின்சாரம் கொடுத்தால் படிகம் நீளவோ சுருங்கவோ வேண்டும் என்று வெப்ப இயக்கவியல் சமன்பாடுகளைக் கொண்டு முன்கூட்டியே சொன்னார். கியூரி சகோதரர்கள் சோதித்தார்கள், அப்படியே நடந்தது. கண்ணால் பார்ப்பதற்கு முன் காகிதத்தில் கிடைத்த உண்மை அது. சரியாக எழுதிய ஒரு மாதிரிக்கு அவ்வளவு வலிமை உண்டு.

சரி, எல்லாப் படிகங்களிலும் இது நடக்குமா? நடக்காது. உப்புக் கல்லை எவ்வளவு அழுத்தினாலும் மின்சாரம் வராது. ஏன் என்பதை வகுப்பில் கயிறும் வண்ண அட்டைகளும் வைத்தே காட்டலாம்.

முதலில் நான்கு மாணவர்களைச் சதுரமாக நிறுத்துங்கள். பக்கத்திலிருக்கும் இருவருக்கிடையே 1 மீட்டர் கயிறு. ஒருவர் விட்டு ஒருவருக்குச் சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு நீல அட்டை. சிவப்பு என்றால் நேர்மின்னூட்டம், நீலம் என்றால் எதிர்மின்னூட்டம். எதிரெதிர் மூலையில் நிற்பவர்கள் ஒரே நிறம் என்பதைக் கவனியுங்கள். இப்போது எதிரெதிரே நிற்கும் இருவர் உள்ளே நெருங்கட்டும். சதுரம் சாய்சதுரமாகும். சிவப்புகளின் நடுப்புள்ளியும் நீலங்களின் நடுப்புள்ளியும் எங்கே? இரண்டும் பழைய இடத்திலேயே, ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மின்னூட்டங்கள் பிரியவில்லை. உப்புக் கல்லின் நிலை இதுதான்.

அடுத்து ஆறு மாணவர்களை ஒழுங்கு அறுகோணமாக நிறுத்துங்கள். அதே 1 மீட்டர் கயிறு, அதே மாற்றி மாற்றி நிறம். இங்கே எதிரெதிரே நிற்பவர்கள் வேறு வேறு நிறம். கரும்பலகைப் பக்கம் நிற்கும் சிவப்பு மாணவரும் அவருக்கு நேரெதிரே நிற்கும் நீல மாணவரும் ஆளுக்கு 20 செ.மீ. உள்ளே வரட்டும். கயிறு தளராமலிருக்க மற்ற நால்வரும் சுமார் 9 செ.மீ. வெளியே நகர வேண்டியிருக்கும். இப்போது மூன்று சிவப்புகளின் சராசரி இடத்தைக் கணக்கிட்டால் அது நடுவிலிருந்து 6.7 செ.மீ. ஒரு பக்கம் போயிருக்கும். நீலங்களுடையது 6.7 செ.மீ. மறுபக்கம். இடைவெளி 13 செ.மீ.க்கு மேல். நேரும் எதிரும் பிரிந்துவிட்டன. இதையே மின்முனைவாக்கம் என்கிறோம். குவார்ட்ஸில் ஏறத்தாழ இதுதான் நடக்கிறது. பத்தாம் வகுப்பின் ஆயத்தொலை வடிவியலுக்கு இதைவிட நல்ல பயன்பாட்டுக் கணக்கு எனக்குத் தெரியவில்லை.

படிகங்கள் சமச்சீரின்படி 32 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் 20 வகுப்புகளில்தான் அழுத்தமின் விளைவு உண்டு. மற்றவற்றில் அது பூச்சியம். ‘மிகச் சிறியது’ என்ற பொருளில் நான் சொல்லவில்லை. சமச்சீரே தடுப்பதால் முழுப் பூச்சியம்.

அடுத்து, சட்டத்துக்கு வருவோம். பிளாஸ்டிக் அளவுகோலை மேசை விளிம்பில் பாதி வெளியே நீட்டி, மேசையிலிருக்கும் பகுதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சுண்டினால் ‘டர்ர்’ என்று அதிரும். இது ஒருமுனை பொருத்திய சட்டம். வெளியே நீளும் பகுதியைக் குறைத்தால் ஒலி கூர்மையாகும். பிள்ளைகள் நாம் சொல்லித் தராமலே கண்டுபிடிக்கிற விதி இது.

இதே சட்டம் உங்கள் கையில் கடிகாரமாகவும் இருக்கிறது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைச் செய்யத் தொடங்கியது. குவார்ட்ஸ் கடிகாரத்தின் உள்ளே இசைக்கவை வடிவில் வெட்டிய ஒரு சின்னஞ்சிறு குவார்ட்ஸ் துண்டு இருக்கிறது. கவையின் இரண்டு கரங்களும் இரண்டு சட்டங்கள். மின்சாரம் கொடுத்தால் அவை வளைகின்றன. வளைந்தால் மின்சாரம் தருகின்றன. நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றன. இந்த எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுத்து இரண்டால் வகுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். 15-ஆவது முறை விடை 1 வரும். கடிகாரத்தின் மின்சுற்றும் அதைத்தான் செய்கிறது. நொடி முள் நகர்வதற்கான ஒரு துடிப்பு அப்படித்தான் கிடைக்கிறது.

சட்டம் வளையும்போது உள்ளே என்ன நடக்கிறது? ஒரு தடித்த அழிப்பான் ரப்பரின் பக்கவாட்டில் பேனாவால் இணைகோடுகள் போட்டு வளைத்துப் பாருங்கள். வெளி வளைவில் கோடுகள் விலகும். உள் வளைவில் நெருங்கும். நடுவில் இடைவெளி மாறாது. நீளத்தில் ஏற்படும் மாற்றத்தை மூல நீளத்தால் வகுத்தால் வருவது திரிபு என்று நமக்குத் தெரியும். வளைந்த சட்டத்தில் திரிபு இடத்துக்கு இடம் மாறுகிறது. மேலே நீட்சி, கீழே சுருக்கம். மேலிருந்து கீழே வரும்போது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத் திரிபின் சரிவு என்று சொல்லலாம்.

மறுபடியும் நம் நான்கு மாணவர்களைக் கூப்பிடுங்கள். கயிற்றை விட்டுவிட்டு, முன்வரிசை இருவரை 1.2 மீட்டர் இடைவெளியிலும் பின்வரிசை இருவரை 0.8 மீட்டர் இடைவெளியிலும் நிறுத்துங்கள். சதுரம் சரிவகமாகிவிட்டது. ஒரு பக்கம் விரிந்து, மறுபக்கம் குறுகிய வடிவம். இப்போது சிவப்புகளின் நடுப்புள்ளியையும் நீலங்களின் நடுப்புள்ளியையும் குறித்துப் பாருங்கள். 20 செ.மீ. விலகியிருக்கும்! சீராக அழுத்தியபோது அசையாத அதே சதுரம், சீரற்று வளைத்தபோது மின்னூட்டங்களைப் பிரித்துவிட்டது.

இதுதான் ஃப்ளெக்சோ மின்விளைவு. தமிழில் வளைவுமின் விளைவு எனலாம். இதற்குப் படிகத்தின் சமச்சீர் தடையில்லை. சமச்சீர் உள்ள படிகத்திலும் உண்டு, கொள்கையளவில் மின்கடத்தாப் பொருள்கள் எல்லாவற்றிலும் உண்டு. மாணவர்கள் நிற்கும் சதுரம் ஓர் ஒப்புமை மட்டுமே. உண்மைப் படிகம் முப்பரிமாணத்தில் இருக்கிறது, அயனிகளோடு எலக்ட்ரான் மேகமும் நகர்கிறது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும்.

இந்த விளைவின் அளவைச் சோவியத் இயற்பியலாளர் கோகன் 1964-ல் மதிப்பிட்டார். மதிப்பு மிகச் சிறியதாக இருந்ததால் பல ஆண்டுகள் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. அதாவது, புறக்கணிக்கத்தக்கது என்று விட்டுவிட்டார்கள். அப்படி விட்டதில் தவறும் இல்லை. ஏன் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை நம் நெமிலிச்சேரி வழியாகத்தான் போகிறது. ஒரு மேம்பாலத்தின் கான்கிரீட் உத்திரம் 1 மீட்டர் உயரம் உள்ளது என்று வைத்துக்கொள்வோம். கனமான லாரி போகும்போது மேல்பரப்பிலும் கீழ்பரப்பிலும் திரிபு பத்தாயிரத்தில் ஒன்று என்போம், ஒன்று சுருக்கம், ஒன்று நீட்சி. வித்தியாசம் 0.0002. அதை 1 மீட்டரால் வகுத்தால் சரிவு மீட்டருக்கு 0.0002. பாலம் கட்டும் பொறியாளர் வளைவுமின் விளைவைக் கணக்கில் சேர்க்கத் தேவையே இல்லை.

2 மி.மீ. தடிமனுள்ள அளவுகோலில் பரப்புத் திரிபு ஆயிரத்தில் ஒன்று என்றால் வித்தியாசம் 0.002. அதை 0.002 மீட்டரால் வகுத்தால் சரிவு மீட்டருக்கு 1.

இப்போது தடிமன் 20 நானோமீட்டர் மட்டுமே உள்ள சட்டம். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்றால், அதில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அதே ஆயிரத்தில் ஒன்று திரிபு. சரிவு மீட்டருக்கு 1,00,000. அளவுகோலைப் போல ஒரு லட்சம் மடங்கு, பாலத்து உத்திரத்தைப் போல 50 கோடி மடங்கு! பொருளின் இயல்பு மாறவில்லை, விதியும் மாறவில்லை. வகுக்கும் தடிமன் சிறுத்துவிட்டது, அவ்வளவுதான். வகுத்தலில் பகுதி சிறுத்தால் ஈவு பெருகும் என்று ஐந்தாம் வகுப்பில் நாம் சொல்லித் தருகிறோமே, அதுதான் இங்கே வேலை செய்கிறது.

ஆகவே நானோ சட்டத்துக்கு மாதிரி எழுதும்போது இரண்டு உறுப்புகள் வேண்டும்:

மின்முனைவாக்கம் = (அழுத்தமின் எண் × திரிபு) + (வளைவுமின் எண் × திரிபின் சரிவு)

பெரிய சட்டத்தில் இரண்டாவது உறுப்பை அடித்துவிடலாம். நானோ சட்டத்தில் அடித்தால் விடையே தவறிவிடும். உப்பைப் போன்ற சமச்சீர் படிகமாக இருந்தால் முதல் உறுப்பு பூச்சியம். அப்போது புறக்கணிக்கப்பட்ட உறுப்பு மட்டும்தான் மிஞ்சும்.

2008-ல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரதீப் சர்மாவும் உடன் பணியாற்றியவர்களும் பேரியம் டைட்டனேட் சட்டங்களுக்கு இப்படி மாதிரி எழுதி, தடிமன் சில நானோமீட்டருக்கு இறங்கும்போது வளைவால் கிடைக்கும் மின்விளைவு கணிசமாகக் கூடும் என்று காட்டினார்கள். 2016-ல் உமேஷ் குமார் பாஸ்கர், பார்சிலோனாவின் குஸ்தாவ் கட்டலான் முதலானோர் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டால் சிலிக்கான் மீது நுண்சட்டம் செய்து, மின்புலம் கொடுத்து வளைத்தே காட்டினார்கள். அந்தப் பொருள் சாதாரண வெப்பநிலையில் சமச்சீர் உள்ளது, அழுத்தமின் விளைவு அற்றது. இருந்தும் சிறந்த அழுத்தமின் சட்டங்களோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு வளைந்தது. லைட்டரிலும் பஸ்ஸரிலும் இருக்கும் பீங்கானில் ஈயம் உண்டு. ஈயம் இல்லாமல் நுண்ணிய உணரிகளைச் செய்ய இது ஒரு வழி என்பதால்தான் இத்தனை ஆர்வம்.

புது மாதிரிக்கும் எல்லை உண்டு. பேரியம் டைட்டனேட்டில் ஓர் அலகுக்கூட்டின் அளவு சுமார் 0.4 நானோமீட்டர். 20 நானோமீட்டர் என்றால் 50 அடுக்குகள். 2 நானோமீட்டர் என்றால் 5 அடுக்குகள்தான். அப்போது பொருளைத் தொடர்ச்சியான ஒன்றாக நினைத்து எழுதிய சமன்பாடே ஆட்டம் காணும், அணு அணுவாக எண்ண வேண்டும். சில பொருள்களில் கோட்பாடு சொல்லும் வளைவுமின் எண்ணும் சோதனையில் கிடைக்கும் எண்ணும் பல மடங்கு வேறுபடுகின்றன. அந்தக் கேள்வி இன்னும் முழுதாகத் தீரவில்லை. நம் பிள்ளைகளில் யாராவது தீர்க்கட்டும்.

இது ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடப்பதா? நம் உடம்புக்குள்ளும் நடக்கிறது. எலும்பில் இருக்கும் முக்கியப் புரதம் கொலாஜன். மூன்று இழைகள் முறுக்கிய அதன் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-ல் முன்வைத்தார்கள். எலும்பை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்று 1957-ல் ஜப்பானில் ஃபுகாடாவும் யசுடாவும் கண்டார்கள். கொலாஜனின் சமச்சீரற்ற கட்டமைப்பே அதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. 2018-ல் கட்டலான் குழுவினர், எலும்பின் கனிமப் பகுதியிலும் வளைவுமின் விளைவு இருப்பதை அளந்தார்கள். எலும்பில் நுண்ணிய விரிசல் விழுந்தால் அதன் முனையில்தான் திரிபின் சரிவு மிக அதிகம். அங்கே தோன்றும் மின்புலம், பழுது பார்க்கச் செல்களை அழைக்கும் குறிப்பாக இருக்கலாம் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

இனி, வகுப்பறைக்கு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் நானோமீட்டரைச் சொல்ல வேண்டாம். ஒரு வாழையிலைத் துண்டும் தண்ணீரும் போதும். இலையில் சிறு துளி விட்டால் முத்துப்போல் உருண்டையாக நிற்கும். இன்னும் இன்னும் சேர்த்தால் தட்டையாகப் பரவும். சிறு துளியில் எடையைப் பொருட்படுத்த வேண்டாம், தண்ணீரின் பரப்பு இழுவிசை ஆள்கிறது. வாளித் தண்ணீரில் பரப்பு இழுவிசையைப் பொருட்படுத்த வேண்டாம், எடை ஆள்கிறது. ஒரே தண்ணீர்தான், ஆனால் அளவு மாறினால் எதை விடலாம் என்பதும் மாறுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும்.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு சோதனை. மின்னணுப் பொருள் கடையில் கிடைக்கும் பஸ்ஸர் தகடு ஒன்றை வாங்குங்கள். பித்தளைத் தகட்டின் மீது அழுத்தமின் பீங்கான் பூசிய வட்டம் அது. இரண்டு சிறிய எல்.இ.டி. விளக்குகளை எதிரெதிர்த் திசையில் இணைத்துத் தகட்டோடு சேருங்கள். அறையை இருட்டாக்கிவிட்டுத் தகட்டை விரலால் தட்டுங்கள். அழுத்தும்போது ஒன்று மின்னும், விடும்போது மற்றது மின்னும். தகடு வளைவதுதான் வேலை செய்கிறது, ஆகவே இதுவும் ஒரு சட்டம்தான். பீங்கானில் ஈயம் இருப்பதால் உடைந்த தகட்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமாக ஒரு பழக்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். ‘புறக்கணிக்கத்தக்கது’ என்ற சொல் வரும்போதெல்லாம் கரும்பலகை ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதுங்கள். எதை விட்டோம்? ஏன் விடலாம்? எப்போது விடக்கூடாது? ஊசல் நூலுக்கு எழுதுங்கள். நூலுக்குப் பதில் இரும்புச் சங்கிலி கட்டினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். விழும் கல்லுக்கு எழுதுங்கள். கல்லுக்குப் பதில் புளிய இலை விழுந்தால் காற்றை விடமுடியாது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு நிமிடம் அதிகம் ஆகும். பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் எல்லையைச் சொல்லாமல் மாதிரியை மட்டும் கொடுத்தால், பாடநூலில் இருக்கும் உலகம் வேறு, தெருவில் இருக்கும் உலகம் வேறு என்று பிள்ளை முடிவு செய்துவிடும். அதன் பிறகு அறிவியல் அதற்குத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பொருளாக மட்டுமே இருக்கும்.

உராய்வே இல்லாத தளம் எங்கே என்று கேட்கும் மாணவிக்கு, “எங்கும் இல்லை அம்மா. ஆனால் இந்தக் கணக்கில் அதை விட்டாலும் விடை பெரிதாக மாறாது. எந்தக் கணக்கில் மாறும், நீயே ஒன்று சொல்லு” என்று திருப்பிக் கேளுங்கள். நானோ சட்டத்துக்கு மாதிரி எழுதுகிற ஆய்வாளர் தன்னைக் கேட்டுக்கொள்வதும் இதே கேள்வியைத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் உங்கள் வகுப்புப் பாடநூலிலிருந்து இப்படி ஒரு வரியையும், அதற்குப் பிள்ளைகள் சொன்ன மூன்று விடைகளையும் எழுதி எடுத்து வாருங்கள். அவற்றைச் சேர்த்து ஒரு சிறு தொகுப்பாக்கி எல்லாப் பள்ளிகளும் பகிர்ந்துகொள்வோம்.